முதல்வரைத் திருடனாக்கிய மாதிரி வகுப்பு

முப்பது வருடம் காவல்துறையில் இருந்தவனை வகுப்பறைக்குள் விடும் முன் யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும். குன்னூரில் ஒரு தனியார் கல்லூரி அப்படித்தான் சோதித்தது. சேதம் சோதனையிலேயே நடந்துவிட்டது.

இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றதும் கைக்கு வந்த பணத்தையெல்லாம் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் போட்டேன் (விசாரிக்காமல் நான் செய்த ஒரே காரியம்). அடுத்த வருடமே பச்சை இலை விலை விழுந்தது. பறிக்க ஆள் வைத்தால் நஷ்டம். வைக்காவிட்டால் தோட்டம் காடு.

"ஏனுங்க, அந்தக் காலேஜு வேலையவாச்சும் புடிங்க. இல்லீன்னா நாந்தான் கூடையத் தூக்கோணும்" என்றாள் மனைவி. அவள் விளையாட்டுக்குப் பேசுகிறவள் அல்ல.

குற்றவியல் விரிவுரையாளர் வேலை. தேர்வுக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். பின்பெஞ்சில் கோவையிலிருந்து வந்த நிபுணர், கையில் மதிப்பெண் தாள். நான் எடுத்துக்கொண்ட பாடம் அடையாள அணிவகுப்பு: சாட்சி, வரிசையில் நிற்பவர்களில் குற்றவாளியைத் தொட்டுக் காட்டுவது. அதை மாஜிஸ்திரேட்தான் நடத்த வேண்டும். போலீஸ் அந்தப் பக்கமே போகக் கூடாது (நான் போனதே இல்லை என்று பதிவேடுகள் சொல்கின்றன).

திட்டப்படி என் மச்சினன் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குள் பாய்ந்து, மேசையிலிருந்த என் பையைப் பறித்துக்கொண்டு ஓடினான். மாணவர்கள் உண்மையென்றே நம்பினார்கள். முன்பெஞ்சு கோமதி, "நான் நல்லாப் பார்த்தேன் சார்" என்றாள்.

வரிசைக்கு மச்சினன் வயதில், மாணவர்கள் அறியாத முகங்கள் வேண்டும். பிள்ளைகளைச் சேர்க்க வந்திருந்த மூன்று அப்பாக்களைப் பிடித்தேன். இன்னும் ஓர் ஆள் வேண்டும். அப்போது வராந்தாவில் வந்தார் புது முதல்வர். முந்தைய நாள்தான் திருச்சியிலிருந்து வந்து பொறுப்பேற்றவர். என் தேர்வு அவர் கையில்.

"நான் எங்க நிக்கணும்?" என்றார், ஆர்வமாக. ஐந்து பேர், ஐந்து மஃப்ளர். பிடிபட்ட திருடன் இவர்களில் ஒருவன் என்று மாணவர்களிடம் சொன்னேன். விதிமுறையில் ஒரு குறை சொல்ல முடியாது.

கோமதி மெதுவாக நடந்தாள். மச்சினனைக் கடந்தாள். முதல்வரின் தோளைத் தொட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் நான்கு மாணவர்கள் முதல்வரின் கைகளைப் பின்னால் முறுக்கிவிட்டார்கள். "உட்றாதீங்க, கெட்டியாப் புடிங்க" என்று கூடவே சேர்ந்துகொண்டான் மச்சினன்.

"விடுங்கப்பா. அவர்தான் உங்க பிரின்சிபால்."

நான்கு பேரும் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினார்கள். முதல்வர் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஏம்மா என்னைத் தொட்ட?"

"நீங்க மட்டும்தான் நடுங்கிட்டு நின்னீங்க சார்."

"குளிரும்மா."

எனக்கோ வியர்த்தது. எத்தனையோ வரிசைகளில் நானும் நடுக்கத்தைத்தான் தேடியிருக்கிறேன். குளிருகிறதா என்று ஒருவரையும் கேட்டதில்லை. வாய்தவறி அதை வகுப்பிலேயே சொல்லிவிட்டேன்.

பின்பெஞ்சில் பேனா நின்றது. முதல்வர் மஃப்ளரைக் கழற்றினார். "இதைத்தான் பாடமா எடுக்கப் போறீங்களா?"

"இனிமேல்தான், சார்."

வேலை கிடைத்தது. மனைவி கூடை தூக்கவில்லை. முதல்வரும் நானும் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும், பொங்கல் தவறாமல் அவர் போன் செய்கிறார். எடுப்பவள் மனைவி. வீட்டில் யார் விருந்தாளி இருந்தாலும் கவலைப்படாமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்:

"ஏனுங்க, உங்க திருடன் லைன்ல இருக்காருங்க."