சரசுவின் மாத்திரையை நான் விழுங்கிய கதை

மனைவிக்காக உயிரையே கொடுப்பேன் என்று சொல்லும் கணவர்கள் நிறையப் பேர். அவளுடைய மாத்திரையைத் தின்றவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

அறுபதுகளின் கடைசி. கொல்லிமலையில், எடப்புளி நாடு என்ற ஊர்ப் பள்ளியில் நான் வாத்தியார். கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. என் மனைவி சரசுதான் துணிந்து, சேலத்தில் ஒரு பெண் டாக்டரைப் போய்ப் பார்த்தாள். சினைமுட்டை சரியாக முதிர்வதில்லை, அதற்கு வெளிநாட்டிலிருந்து புது மாத்திரை வந்திருக்கிறது என்று சொல்லி, டாக்டர் எண்ணி ஐந்து கொடுத்தார். தினம் ஒன்று. ஒரு நாளும் தவறக் கூடாது.

முதல் நாள் காலை சரசு தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். எனக்குள் திடீரென்று ஒரு வீரன் முளைத்தான். புது மருந்தாயிற்றே, அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? நாமே முதலில் தின்று பார்த்துவிடலாம். (பள்ளியில் அறிவியல் பாடம் எடுத்தவன் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

பத்தே நிமிடத்தில் முகம் சுட்டது. கால் மரத்தது. அடிவயிற்றில் என்னவோ புரண்டது. சரசு வந்தபோது பாயில் சுருண்டு கிடந்தேன்.

"ஏனுங்க, என்னாச்சு?"

சொன்னேன். திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் மாத்திரைகளை எண்ணினாள். ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"மீதி மூணுதான் இருக்குது. அஞ்சாம் நாளைக்கு ஒண்ணு வேணும். எந்திரிங்க, மலை எறங்கலாம்."

"எனக்கு உடம்பு…"

"நடந்தாச் சரியாப் போயிருமுங்க."

ஒற்றையடிப் பாதையில் அவள் முன்னால், சாகப்போகிறவன் பின்னால். சேந்தமங்கலத்தில் பஸ் ஏறும்போது எனக்கு நல்ல பசி. பிழைத்துவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஒரு மாத்திரைய எலி தூக்கிட்டுப் போயிருச்சுங்க" என்றேன் டாக்டரிடம்.

"எலி இல்லீங்கம்மா, இவருதானுங்க" என்றாள் சரசு. "எனக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு மொதல்ல தின்னு பார்த்தாருங்க."

அதை அவள் பெருமையாகச் சொன்னாள். இன்றுவரை என்னால் நம்ப முடியாதது அதுதான். பெஞ்சில் காத்திருந்த பெண்கள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தபடி சிரித்தார்.

"பயப்படாதீங்க சார், உங்களுக்கு முட்டையெல்லாம் வராது." இன்னொரு மாத்திரையைச் சரசுவின் கையில் வைத்தார். "இத நீயே பத்திரமா வெச்சுக்க, கண்ணு."

அந்த மாதம் பலிக்கவில்லை. அடுத்த மாதமும் இல்லை. இரண்டு முறையும் இடிந்து உட்கார்ந்தவன் நான்தான். சரசு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி மலை இறங்கினாள். மூன்றாவது முறை கரு நின்றது. மல்லிகா பிறந்தாள்.

இப்போது எனக்கு லேசாக வயிறு உப்பினால் போதும். வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போதுதான் மல்லிகா சத்தமாகக் கேட்பாள்: "ஏனுங்கப்பா, இது எத்தனாவது மாசம்?"