பதினொன்றாம் சேனலில் ஒரு கல்யாணம்

கூச்சப்படுகிறவன் வாயைத் திறக்கவே மாட்டான் என்று நினைக்காதீர்கள். திறப்பான், திறக்கக் கூடாத இடத்தில் திறப்பான். பஸ்ஸில் “எறையூர்ல நிறுத்துங்க” என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி நடந்தவன் நான். அப்படிப்பட்டவன் ஒரு கல்யாணத்தையே நிறுத்தினேன்.

2007 வாக்கில், பெரம்பலூர் மண்டபத்தில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். மச்சானுக்குச் சிங்கப்பூரில் லீவு கிடைக்கவில்லை. “தாலி கட்டுறப்ப அப்பா கம்ப்யூட்டர்ல பாத்துக்கிட்டிருப்பேன்” என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பக்கத்து பிரௌசிங் சென்டர் தம்பி, மண்டபச் சுவரில் வயர் இல்லாத இன்டர்நெட் பொட்டி ஒன்றை மாட்டி, மேடையருகே லேப்டாப்பும் கேமராவும் வைத்துவிட்டு அரியலூருக்குப் போய்விட்டான். பொறுப்பு எனக்கு. (படிப்பு அஞ்சாங்கிளாஸ்தான். ஆனால் ஊருக்கே கேபிள் டிவி இழுத்தவன் அல்லவா!)

முகூர்த்தம் நெருங்கும்போது திரையில் மச்சான் பாதி வாய் திறந்தபடி அசையாமல் நின்றுவிட்டார். தம்பிக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, மாடியில கம்ப்யூட்டர் கிளாஸ்காரங்க பொட்டியும் நம்ம பொட்டியும் ஒரே சேனல்ல ஓடுது, மோதிக்குது. ஆறுலேருந்து பதினொண்ணுக்கு மாத்திடுங்க.”

சேனலா? நம்ம தொழிலாச்சே! மேடையைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டிருந்த பெரிய டிவியின் ரிமோட்டை எடுத்துப் பதினொன்றை அமுக்கினேன்.

“மாத்திட்டீங்களா?”

“மாத்திட்டேன். யாரோ செத்துட்டாங்க போல, அழுவுறாங்க.”

“எங்கண்ணே?”

“டிவியில.”

“ஐயோ! டிவி இல்லண்ணே! பொட்டிக்குத் தனி சேனல் இருக்கு. லேப்டாப்புல திறந்துதான் வச்சிருக்கேன், பாருங்க!”

அதற்குள் சினிமா ஒப்பாரி மண்டபத்தை நிறைத்தது. அபசகுனம் காதில் விழக் கூடாதே என்று மேளக்காரர் கெட்டிமேளம் முழக்கினார். கெட்டிமேளம் கேட்டதும் மாப்பிள்ளை தாலியை எடுத்துவிட்டார்.

டிவியை அணைத்தேன். லேப்டாப்பில் ஆறைப் பதினொன்றாக்கி, தம்பி சொன்ன பட்டனை அமுக்கினேன். பொட்டி விளக்கு அணைந்தது.

“அணைஞ்சுதாண்ணே எரியும். ஒரு நிமிஷம் பொறுங்க.”

நான் பொறுப்பேன். தாலி பொறுக்குமா? அது கழுத்துக்கே போய்விட்டது.

“கட்டாதீங்க!” என்று அலறினேன்.

மேளம் நின்றது.

“யாருய்யா அது?” என்றார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்.

“பொண்ணோட தாய்மாமன்” என்றார் யாரோ.

“தாய்மாமனா? இந்நேரத்துல வந்து முறை கேக்குறாரா?”

(எனக்கு அப்போது நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள். என் மனைவி முறைத்த முறை ஒன்றுதான் எனக்கு அங்கே கிடைத்தது.)

மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் நின்றது. அக்கா மகள் மட்டும் நிமிர்ந்து, “மாமா, அப்பா வந்துட்டாங்களா?” என்றாள்.

பச்சை விளக்கு எரிந்தது. திரையில் மச்சான் அசைந்தார். பட்டு வேட்டி, கை நிறைய அட்சதை.

“என்ன மாப்ள, நல்ல நேரம் போவுது. கட்டச் சொல்லு!” என்றார் என்னிடம்.

“இப்பக் கட்டுங்க!” என்றேன், மண்டபமே அதிர. தாலி ஏறியது. மச்சான் வீசிய அட்சதை அவர் கேமரா மேலேயே விழுந்து, திரை முழுக்க அரிசியானது. அரிசிக்குப் பின்னால் அவர் அழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும், “தாய்மாமன் உத்தரவு ஆச்சா?” என்று யாராவது குரல் கொடுக்காமல் தாலி ஏறுவதில்லை. போன தடவை விக்கிரமங்கலத்தில் மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி நிஜமாகவே என்னைத் தேடினார். நான் பந்தியில் இருந்தேன். சட்னி வழிகிற கையைத் தூக்கி, “கட்டுப்பா!” என்றேன். அப்புறம்தான் மேளக்காரர் அடித்தார்.