மீசைக்கு மூன்று கிலோமீட்டர்

என் மீசைக்கு ஆபத்து வந்தது சர்ச் அசன விருந்தில். சபை முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். ஆட்டுக்கறிக் குழம்பைக் கண்டால் என் வாய் இரண்டு வேலை பார்க்கும். தின்னும், சவால் விடும்.

எதிர் இலையில் மச்சான் ஜெப்ரின். என் மனைவி ரீனாவின் அண்ணன், மல்லாங்கிணற்றில் பி.டி. வாத்தியார்.

"மாப்ளைக்கு வயிறு மட்டும்தான் முன்னால ஓடுது" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது.

நான் எழுந்தேன். கையில் எலும்பு.

"அடுத்த மாசம் சபையில மூணு கிலோமீட்டர் ஓட்டம் வருதுல்ல? அதுல உங்க வீட்டு ஆளு யாராச்சும் என்னை முந்திட்டா, மீசையை எடுத்துடுறேன்."

போதகர் உட்பட எல்லோரும் கை தட்டினார்கள். ரீனா தட்டவில்லை. என் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு நான் மை பூசுவேன். மை தலையணை உறையில் ஒட்டும். உறையைத் துவைப்பவள் அவள். அந்தப் பார்வையை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் குழம்பு இறங்கியது, பயம் ஏறியது. சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் பிழை திருத்துகிறவன் நான். என் உடம்பில் ஓடுவது கண் ஒன்றுதான். மச்சானோ விசிலோடு பிறந்தவர். பந்தயம் முடியும்வரை அவரோடு பேச்சே இல்லை என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தேன்.

ஃபோனில் தேடினேன். குறைந்த தூரப் பந்தயத்துக்கு இன்டர்வெல் பயிற்சிதான் மருந்தாம். ஒரு நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடு. மூச்சு திரும்பும்வரை நட. மறுபடி ஓடு. இன்டர்வெல் என்றால் தியேட்டரும் முறுக்கும் மட்டுமே தெரிந்த எனக்கு, அந்த நடக்கிற பகுதி ரொம்பப் பிடித்திருந்தது.

மறுநாள் நாரணாபுரம் ரோட்டுக்குப் போனேன். நல்ல அகலமான ரோடு. ஒரு பட்டாசு கம்பெனி கேட் பக்கம் நடக்கும்போது ஓட வேண்டிய நிமிடம் வந்தது. வாயைப் பிளந்துகொண்டு ஓடினேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் அப்படி ஓடினால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கூடவே ஓடிவிடுவார்கள். நின்று கேட்டால் பதில் கேட்க ஆள் இருக்காது. ஷெட்டுகளில் வேலை பார்த்த பெண்கள் அத்தனை பேரும் வெளியே பாய்ந்து என்னைத் தாண்டிப் போனார்கள். கடைசியாகத் தூக்குச்சட்டியோடு வந்த ஒரு அம்மா ஓடிக்கொண்டே கேட்டார்.

"எந்த ரூம்ல தீ பிடிச்சிருக்குய்யா?"

"ரூம்ல ஒண்ணும் இல்லம்மா. பயிற்சி."

"என்ன பயிற்சி?"

"ஓட்டப் பயிற்சி."

அவர் நின்றுவிட்டார். "சும்மாவா ஓடுன?"

தூக்குச்சட்டி மேலே எழும்பியது. அப்போதுதான் எனக்கு நிஜமான வேகம் வந்தது.

ரீனா நர்ஸ். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் காப்பியைத் தொடவில்லை.

"நாரணாபுரத்துல எல்லாரும் ஓடுறாகன்னு போன் வந்துச்சு. தீக்காய வார்டுல கட்டிலெல்லாம் ஒதுக்கி வச்சோம். பெறகுதான் ஒண்ணுமில்லன்னாக. எவனோ சும்மா ஓடுனானாம்."

"யாராம்?"

"மீசை வச்ச ஒரு கூமுட்டையாம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இனி ரோட்டில் ஓட மாட்டேன் என்றேன்.

"அப்ப மீசை? அண்ணன் இன்னைக்குக் கம்மாயையே சுத்தி வந்துட்டாகளாம்."

"நான் என்னதான் செய்ய ரீனா?"

"வீட்டுக்குள்ளயே ஓடுங்க. நான் சொல்லுறதைச் செய்யுங்க, போதும்."

விடிந்ததும் தொடங்கியது. ஈரத்துணி வாளியோடு மொட்டைமாடிக்கு ஓட வேண்டும். அது வேகம். துணியைக் காயப்போட வேண்டும். அது இன்டர்வெல். தண்ணீர் லாரி ஹாரன் கேட்டால் குடத்தோடு வேகம். வெங்காயம் உரிப்பது இன்டர்வெல்.

"தேங்காய் திருவுறதுக்கும் ஓடுறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"கையை வீசாம எவனாச்சும் ஓடுவானா? கைக்குப் பலம் வேணாமா? இங்கன நர்ஸ் நீங்களா, நானா?"

எனக்குக் காலண்டரில் பிழை பார்க்கத் தெரியும். மனைவி பேச்சில் பார்க்கத் தெரியாது.

"எனக்குக் காலை டூட்டி போட்டுட்டாக. வெள்ளன போயிருவேன். நீங்க பயிற்சியை விட்றாதீக" என்று வெள்ளை ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். நான் பாத்திரத்தோடு பயிற்சியில் இருப்பேன்.

ஞாயிறுதோறும் ஆட்டுக்கால் சூப் வைத்து மல்லாங்கிணற்றுக்குக் கொண்டு போனாள்.

"எதிராளிக்கு சூப்பா?"

"அண்ணன் காலுக்குப் பலம் வேணும்ல?"

அந்த ஆட்டுக்காலைச் சுத்தம் செய்ததும் நான்தான். சாப்பிட உட்கார்ந்தால் அண்ணன் மலை ஏறினார், அண்ணன் மணலில் ஓடினார் என்று சேதி வரும். சோறு இறங்காது. தூங்கினால் மச்சான் என் மீசைமேல் ஓடினார். பந்தயத்துக்குள் மீசை தானாகவே உதிர்ந்துவிடும்போல இருந்தது.

பந்தய நாள். சர்ச் வாசலில் ஆட்டோ நின்றது. முதலில் ஊன்றுகோல் இறங்கியது. பிறகு மாவுக்கட்டு. அப்புறம் மச்சான்.

"அசனம் முடிஞ்சு போறப்பவே வண்டி சறுக்கிருச்சு மாப்ளே. தங்கச்சி சொல்லலையா? கட்டு போட்டதே அவதான். அவ சூப்புலதான் எலும்பு கூடிக்கிட்டு வருது."

அவர் காலுக்காக வருத்தப்பட வேண்டும் என்று தோன்றியது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மீசையைத் தடவினேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு நல்ல மூச்சு வந்தது.

"அப்ப உங்க வீட்டுல ஓட ஆளே இல்லையா மச்சான்?"

"ஏன் இல்லாம? அங்கன பாருங்க."

சர்ச் கிரவுண்டில், ஓட்டம் தொடங்கும் கோட்டில், சுடிதாரும் வெள்ளை ஷூவுமாக, குனிந்து நாடா கட்டிக்கொண்டிருந்தாள் ரீனா.

"நீயா?"

"நானும் எங்க வீட்டு ஆளுதானே?"

"அப்ப காலை டூட்டி?"

"டூட்டி எப்பவும்போலத்தான். வெள்ளன இந்த கிரவுண்டுல ஓடிக்கிட்டு இருந்தேன். வீட்டு வேலையெல்லாம் நீங்க பாத்துக்கிட்டீகல்ல, அதான் நேரம் கிடைச்சுச்சு."

மச்சான் கொடியை அசைத்தார். வார்டு வார்டாக ஓடிப் பழகிய கால் அவளுடையது. முதல் வளைவுவரை அவள் பின்னல் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. நான் ஒரு நிமிடம் ஓடினேன். இன்டர்வெல் வந்தது. அது முடியவே இல்லை.

சாயங்காலம் அவளே கத்தரியை எடுத்தாள். முடிந்ததும் கண்ணாடியைப் பார்த்தேன். தாள் கிழித்த காலண்டர் அட்டை மாதிரி வெறிச்சென்று இருந்தது முகம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரீனா ஈரத் துண்டால் என் உதட்டைத் துடைத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னாள்:

"இனிமே தலகாணி உறையில மை ஒட்டாதுங்க. துவைக்கிற உங்களுக்குத்தான் நிம்மதி."