ரோல்ஸ் வாங்கப் போய் மாமாவ வித்த கத

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேல. பலாபத்வல சந்தி பேக்கரிக்குப் போய் ரோல்ஸ் வாங்கிட்டு வரணும். அவ்வளவுதான்.

பின்னேரம் மாமாவ பாக்க நாவுலயில இருந்து பொண்ணு வீட்டாக்கள் வர்றாங்க. மாமான்னா அம்மாவோட தம்பி. எங்க கூடத்தான் இருக்கார். கச்சேரியில, அதான் அந்த அரசாங்க ஒபிஸ்ல வேல, நாப்பத்திமூணு வயசு, இன்னும் தனி ஆள். கெட்ட பழக்கம் ஒன்னும் இல்ல. சுத்தம் மட்டும்தான்!

போன தடவ வந்தவங்க உள்ள உக்காந்து டீ குடிக்கிறாங்க, மாமா வாசல்ல நின்னு அவங்க செருப்ப சைஸ் படி அடுக்குறார். அந்தச் சம்பந்தம் செருப்ப மாட்டிக்கிட்டு போனதோட சரி.

அம்மா காலையிலேயே சொல்லிட்டாங்க. "தம்பி, இதுவும் கொழம்பிச்சுன்னா நான் இனி உனக்கு பொண்ணு தேட மாட்டேன். அவங்க போற வரைக்கும் கைய மடியில வச்சுக்கிட்டு இரு!"

மாமா "ம்"ன்னார். ஆனா புது சேர்ட் ஒன்னு வாங்கி ரெண்டு தரம் அயன் பண்ணி வச்சிருந்தார். ஆச இருக்கு மனுஷனுக்கு. பாவம்.

இருங்க, குக்கர் கத்துது.

ஆ, வந்துட்டேன். நான் இப்ப ஒரு கொரியன் நாடகத்துல விழுந்து கெடக்குறது உங்களுக்குத் தெரியும். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஹீரோவுக்கு நாப்பத்தஞ்சு வயசு. லிஃப்ட் இன்ஜினியர். கல்யாணமே வேணாம்னு வெள்ளக் கார்பெட் போட்ட வீட்ல தனியா வாழுறார். பக்கத்து வீட்டுக்கு நாய் டாக்டர் அக்கா ஒருத்தங்க குடி வர்றாங்க. அவங்க நாய் நேரா வந்து அந்தக் கார்பெட்ல... ஐயோ, அவ்வளவு நல்லம்!

எனக்கு கடைசி எபிசோட் மட்டும் மிச்சம். ஆற அமரப் பாக்கணும்னு பொத்தி வச்சிருந்தேன்.

நான் பாக்க உக்காந்தா மாமா பின்னால க்ளாஸோட வந்து நிப்பார். "தண்ணி குடிக்க வந்தேன்"பார். எபிசோட் முடியிற வரைக்கும் குடிப்பார். ஒரே க்ளாஸ்!

சரி, பேக்கரி. "ரோல்ஸ் இப்பதான் பொரியுது. கொஞ்சம் இரிங்க மகள்"னார் பேக்கரிக்கார நானா. நான் உக்காந்து ஃபோன்ல கார்பெட் சீன திரும்பப் போட்டு தனியா சிரிச்சுக்கிட்டு இருந்தேன்.

எதிர் மேசையில ஒரு அன்டி. ப்ளேன்டீ, பக்கத்துல ஒரு பேக் ஆப்பிள்.

"என்ன மகள், தனியா சிரிக்கிறீங்க?"

என்கிட்ட போய் கேக்கலாமா இத? முழுக் கதையும் சொன்னேன். அதோட நிப்பாட்டி இருக்கலாம். நான் நிப்பாட்டுவேனா?

"அந்த ஹீரோ அப்படியே எங்க மாமா அன்டி! நாங்க சோபால இருந்து எழும்பினா போதும், ஓடி வந்து கவர இழுத்து விடுவார். ரிமோட் கோணலா இருந்தா அவருக்கு சோறு இறங்காது. ஒருக்கா மழையில நனைஞ்சு வந்த எங்க அப்பாவையே வாசல்ல நிக்க வச்சு துவாய் குடுத்த ஆளு!"

அன்டி சிரிச்சாங்க. "அப்படியா? இன்னும் சொல்லுங்க."

இன்னும் சொன்னேன்!

கவுண்டருக்குப் பின்னால நானா கண்ண சிமிட்டுறார், தலைய ஆட்டுறார், கைய வீசுறார். எண்ண தெறிச்சிருச்சு போலன்னு நெனச்சு "தண்ணி ஊத்துங்க நானா"ன்னேன்.

நாலு மணிக்கு வேன் வந்துச்சு. முதல்ல இறங்கினது ஆப்பிள் பேக்.

பின்னாலேயே அன்டி. பொண்ணோட அக்கா!

அப்பதான் எனக்கு வெளங்கிச்சு. பொண்ணு குடுக்க முதல் சந்திக் கடையில மாப்பிள்ளைய பத்தி விசாரிக்கிறது இங்க எல்லாரும் செய்றது. அதுக்காகவே அவங்க முந்தி பஸ்ல வந்து இறங்கி, பிறகு சந்தியில வேன்ல ஏறி இருக்காங்க. அம்மாவும் நானாகிட்ட "யாரும் கேட்டா தங்கமான மனுஷன்னு சொல்லுங்க"ன்னு முந்தாநாளே சொல்லி வச்சிருக்காங்க. எல்லாம் ரெடி. நான்தான் அவங்கள விசாரிக்கவே விடல்ல.

அன்டி என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாங்க. சோபால உக்காந்தாங்க. எழும்பினாங்க. வேற பக்கம் உக்காந்தாங்க.

கவர் சுருண்டு போய் கெடக்கு! மாமா கைய மடியில வச்சு அமத்திப் புடிச்சிருக்கார்.

அன்டி ரிமோட்ட எடுத்து கோணலா வச்சாங்க. மாமா கழுத்துல வேர்வ.

அடுத்தது ஈரக் கப்ப தூக்கி நேரா மேசையில வச்சாங்க. வட்டமா டீக் கறை! மாமாவோட புது சேர்ட் மூச்சு விடல்ல. அம்மா என்னப் பாத்தாங்க. நான் ரோல்ஸப் பாத்தேன்.

"மகள், அந்த நாடகத்துல கடைசியில அந்த டாக்டர் சரின்னு சொன்னாங்களா?"ன்னு கேட்டாங்க அன்டி.

"தெரியாது அன்டி. கடைசி எபிசோட் இன்னும் பாக்கல்ல..."

"சொன்னாங்க."

யாருடா அதுன்னு பாத்தா மாமா!

"அவர் அந்த வெள்ளக் கார்பெட்ட சுருட்டி வெளிய போட்டுட்டு, அதுக்கப்புறம் போய் கேப்பார். அவங்க சரிம்பாங்க. நாய் கூட வாலாட்டும்." கைய மடியிலயே வச்சுக்கிட்டு, "நல்ல முடிவு"ன்னார்.

"எப்ப பாத்தீங்க?"ன்னு கத்திட்டேன்.

"ஒபிஸ்ல. லஞ்ச் டைம்ல."

அன்டிக்கு சிரிப்பு நிக்கவே இல்ல. கண்ணத் தொடச்சுக்கிட்டு சொன்னாங்க. "தம்பி, தங்கச்சி ரெண்டு பூன வளக்கிறா. அதுங்கள விட்டுட்டு வர மாட்டா."

மாமா சோபாவப் பாத்தார்.

"முடி கொட்டுமா?"

அம்மா கண்ண மூடிக்கிட்டாங்க.

"கொட்டும்"னாங்க அன்டி.

மாமா யோசிச்சார். சுருண்ட கவர ஒருக்கா தடவிப் பாத்தார். ஆனா இழுக்கல்ல! "பரவால்ல. மேல ஒரு துவாய் விரிச்சுக்கலாம்."

அன்டி எழும்பி மேசைக் கறைய அவங்களே தொடச்சாங்க. "ஞாயித்துக்கிழம நீங்க எல்லாரும் நாவுலக்கு வாங்க. பொண்ணு பாக்கலாம்."

வேன் போனதும் மாமா நேரா போய் ரிமோட்ட சரியா வச்சார். அம்மா சிரிச்சாங்க. ரோல்ஸ் கூட ஒன்னு எனக்குக் குடுத்தாங்க.

அம்மா என்ன மன்னிச்சாச்சு, மாமாவும் மன்னிச்சாச்சு. ஆனா கடைசி எபிசோட இப்படி எல்லார் முன்னாலயும் போட்டு ஒடச்சதுக்கு, நான் மாமாவ மன்னிக்கிறதா இல்ல.