ஜன்னலால் வந்த சைரன் நானா

புத்தளம் தில்லையடியில் எங்கள் ஒழுங்கையிலுள்ள எல்லா வீடுகளுக்குள்ளும் ஜன்னல் வழியாகப் புகுந்த ஒரே மனிதர் சைரன் நானாதான். புகுந்த வீட்டிலேயே தேத்தண்ணீரும் வாங்கிக் குடிப்பார். அவருடைய உண்மையான பெயர் அவருடைய மனைவிக்குத் தெரிந்திருக்கலாம்.

வீடுகளுக்குக் கள்ளன் அலாரம் பூட்டுவது அவர் தொழில். எங்கள் வீட்டில் பூட்டிய அன்று உம்மாவைக் கதிரையில் இருத்திப் பாடம் எடுத்தார்.

"ஜன்னல்ல ஒரு காந்தம், சட்டத்துல அதுட சோடி. ரெண்டும் கிட்ட ஈக்கும் வரைக்கும் பெட்டி சும்மா ஈக்கும். பிரிஞ்சா கத்தும். மூலையில ஈக்கிற கண்ணு உடம்புச் சூட்டப் பாக்கும். நீங்க வீட்டுல நடமாடக்குள்ள அத மட்டும் நிப்பாட்டி வைங்க."

"காகம் வந்தா?" என்றார் உம்மா.

"காகம் ஜன்னலத் தொறக்காது."

"எங்கட காகம் தொறக்கும்."

நானா அரை மணிநேரம் உம்மாவின் காகக் கேள்விகளோடு மல்லுக்கட்டினார். கடைசியில், "மூணு மாசத்துக்கு ஒருக்கா நானே கள்ளனா வந்து பாப்பேன். எந்த நாளெண்டு முன்கூட்டிச் செல்ல மாட்டேன். செல்லிட்டு வார கள்ளன் எங்க ஈக்கான்?" என்று கிளம்பினார்.

சொன்னபடியே செய்தார். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர், குளித்தபடியே இடுப்பில் கட்டிய துவாயோடு அவரைப் பள்ளிவாசல் சந்தி வரை துரத்தினார். நானா அங்கே நின்று கொப்பியில், 'அலாரம் சரி. வீட்டுக்காரர் ஓட்டம் நன்று' என்று எழுதிக்கொண்டார். ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்தவர்களின் நடுவே குதித்தார். மாப்பிள்ளை வீட்டார் திகைக்க, பெண்ணின் வாப்பா, "பயப்பட வாணாம். இவரு எங்கட கள்ளன்" என்றார்.

இதனால், சைரன் கத்தினால் ஒழுங்கையில் ஒருவரும் தலையைத் திருப்புவதில்லை. நானா ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுவார் என்று தெரியும்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். நான் புத்தளம் டவுனில், கந்தோரில் வேலையாக இருந்தேன். 'குசினி ஜன்னல் திறக்கப்பட்டது' என்று அலாரத்திலிருந்து என் போனுக்குச் செய்தி வந்தது. நானாவின் வேலைதான் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அங்கே ஜன்னலில் ஒரு காலைப் போட்ட நானா, அடுப்படியில் உம்மா விழுந்து கிடப்பதைக் கண்டிருக்கிறார். உம்மா சீனி வருத்தக்காரி. நீரிழிவுக் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிட மறந்திருக்கிறார். உடம்பெல்லாம் வியர்வை. நினைவு மட்டும் இருந்தது. நானா உள்ளே குதித்து, அவரை நிமிர்த்திச் சாய்த்து, சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினார். சைரனை அவர் தொடவில்லை.

ஐந்து நிமிடம் பொறுத்த பக்கத்து வீட்டு பரீதா ராத்தா, ஏசுவதற்கென்றே ஜன்னலடிக்கு வந்தார். "நானா, காது வெடிக்குது. நிப்பாட்டுங்க."

"நிப்பாட்டீந்தா நீங்க வந்தீக்க மாட்டீங்க. ஓடிப்போய் ஆட்டோவக் கூப்பிடுங்க."

ராத்தாவின் அழைப்பு வந்த பிறகுதான் நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உம்மா கட்டிலில் கண் விழித்துக் கிடந்தார். நானா பக்கத்தில் நின்றார். ஜன்னலில் கிழிபட்ட முழங்காலில் இரத்தம் காய்ந்திருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, செய்தி வந்தும் நான் கவனிக்கவில்லை என்று சொன்னேன்.

"நானும் அத எத்தின தரம் சும்மா கத்த வச்சேன், தம்பி. பிழை ரெண்டு பேர்லயும் ஈக்கு."

உம்மாதான் எங்கள் இருவரையும் காப்பாற்றினார். "இனி வாசலால வாங்க, மகன்" என்று நானாவிடம் சொன்னார்.

"வாசலால வந்தா விருந்தாளி, உம்மா. கள்ளன் இல்ல."

"அப்ப விருந்தாளியா வாங்களே."

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சாப்பாட்டுப் பீங்கான் கூடுதலாக வைக்கிறோம். நானா வரும்வரை உம்மா யாரையும் சோற்றில் கைவைக்க விடுவதில்லை.