வெள்ளிக்கிழமை மட்டும் அலர்ஜி

"எனக்கு முட்டை ஒத்துக்காது மேடம்" என்று மீட்டர்காரர் சொன்னபோது, பத்து நிமிடத்தில் எல்லோரும் மறந்துவிடுகிற பொய் அது என்றுதான் நினைத்தார்.

தண்ணீர் மீட்டர்களைப் பழுதுபார்க்கும் அலுவலகம் அது. நீளமான மேசைமேல் மீட்டர்களை வரிசையாகப் பொருத்தி, குழாயைத் திறந்துவிட்டு, முள் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பதினாறு வருடமாகப் பார்க்கிறார். தப்பாகச் சுற்றும் முள்ளை அவர் கண்ணிலிருந்து மறைக்கவே முடியாது.

வெள்ளிக்கிழமை மூன்று மணி ஆனால் மேடம் டப்பாவோடு வருவார். மேடம் என்றால் மேலாளர். டப்பாவுக்குள் வீட்டில் சுட்ட கேக். வெளியே கரி, உள்ளே பச்சை மாவு. ஆளுக்கொரு துண்டைக் கையில் வைத்துவிட்டு, விழுங்கி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பார். திட்டுகிற மேலாளரைச் சமாளித்துவிடலாம். அன்பாக நிற்கிற மேலாளரை என்ன செய்வது? போதாக்குறைக்கு, மீட்டர்காரரைத் தலைமை மெக்கானிக் ஆக்கும் காகிதம் மேடத்தின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"முட்டை ஒத்துக்காதா? இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே! அடப் பாவமே" என்று மேடம் பதறினார்.

அன்று மீட்டர்காரர் தப்பித்தார். வெற்றிக் களிப்போடு வீட்டுக்குப் போனவர், தட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். வழக்கமாக ஆம்லெட் இருக்கும் இடத்தில் வெந்த பீன்ஸ் இருந்தது.

"உங்க மேடம் போன் பண்ணாங்க" என்றாள் மனைவி. "பதினோரு வருஷமா நான் உங்களுக்கு விஷத்தையா பொரிச்சுப் போட்டேன்? வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?"

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் மனைவி வாயில் ஒரு விஷயம் ஒரு மணி நேரம்கூடத் தங்காது. மேடமும் அவளும் ஒரே நாளில் 'வா, போ' என்று பேசுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பீன்ஸைத் தின்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை டப்பாவில் இரண்டு கேக். "இது உங்களுக்குன்னே முட்டை போடாம செஞ்சது" என்றார் மேடம். முட்டை இல்லாததால் அது உதிர்ந்து, தொண்டையில் மணலாக அடைத்தது.

"மேடம்... பாலும் ஒத்துக்காது."

அன்று மாலை வீட்டில் காபி கறுப்பாக வந்தது.

அதற்கடுத்த வாரம் பாலில்லாத கேக் வந்தது. அவர் கோதுமையைச் சொன்னார். வீட்டில் ரொட்டி நின்றது. பிறகு முட்டை, பால், கோதுமை மூன்றும் இல்லாமல் சோளமாவில் ஒரு கேக் வந்தது. அதைச் சுவரில் எறிந்திருந்தால் சுவருக்குத்தான் சேதம்.

"மெல்லுங்க, மெல்லுங்க. அவசரமே இல்லை" என்று மேடம் பக்கத்தில் நின்றார்.

ஒரு மாதத்தில் மீட்டர்காரரின் பெல்ட்டில் இரண்டு புது ஓட்டைகள் விழுந்தன. ஒரு நாள் மதியம் பொறுக்க முடியாமல், அலுவலகத்திலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு கடையில் பதுங்கி உட்கார்ந்து, மூன்று முட்டை ஆம்லெட்டை ரொட்டியோடு சேர்த்துக் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். கண்ணைத் திறந்தால் எதிரே அதே அலுவலகத்தின் ஸ்டோர்க்காரர்.

"ஏண்ணே, உதடு வீங்கவே இல்லையே?" என்றார் ஸ்டோர்க்காரர்.

"யார்கிட்டயும் சொல்லிடாதப்பா."

ஸ்டோர்க்காரர் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, அந்த வெள்ளிக்கிழமை தனக்கும் முட்டை ஆகாது என்று அறிவித்தார்.

மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. "இல்லை, இதை இப்படியே விடக் கூடாது. முதல்ல உங்களுக்கு ரத்தப் பரிசோதனை பண்ணிடலாம். அப்புறம் அவருக்கு. அப்புறம் எல்லாருக்கும்" என்றார் மீட்டர்காரரிடம்.

மறுநாள் காலையே மனைவி அவரை லேபுக்கு இழுத்துப் போனாள். ஊசியை எடுப்பதற்கு முன் லேபில் இருந்த பெண் ஒரு படிவத்தை எடுத்தாள்.

"முட்டை சாப்பிட்டா என்ன ஆகும் சார்?"

"உதடு வீங்கும். உடம்பெல்லாம் அரிக்கும்."

"எத்தனை மணி நேரத்துல?"

"மூணு மணிக்கு."

"தினமுமா?"

"வெள்ளிக்கிழமை மட்டும்."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மனைவி தண்ணீர் குடிக்க வெளியே போன சமயம் பார்த்து, மீட்டர்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, ஏதாவது ஒண்ணாவது இருக்கற மாதிரி வருமா?"

"இங்க வர்றவங்க எல்லாம் ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்குவாங்க சார். நீங்கதான் முதல் ஆள்" என்று சொல்லி ஊசியைக் குத்தினாள்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. மருத்துவர் காகிதத்தை மேலிருந்து கீழே படித்தார். பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, சோயா, பாதாம், மீன், இறால்: எட்டிலும் ஒன்றுமில்லை.

"இந்தக் காகிதத்தை மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டோம்" என்றார் மருத்துவர். "சாப்பிட்டா என்ன ஆகுதுங்கறதுதான் முக்கியம். கடைசியா எப்ப முட்டை சாப்பிட்டீங்க?"

மனைவி அவரைப் பார்த்தாள். மருத்துவரும் பார்த்தார். மருத்துவரிடம் பொய் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

"போன வாரம். மூணு முட்டை. ஒண்ணும் ஆகலை."

வழி நெடுக மனைவி வேகமாக முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்து முழு உண்மையையும் கேட்டவள், அடுப்பைப் பற்றவைத்து நாலு முட்டையை உடைத்து ஊற்றினாள். "உங்களுக்காக நானும் ஒரு மாசமா பீன்ஸ்தான் தின்னேன், தெரியுமா? இது எனக்கு. நாளைக்குப் போய் மேடம்கிட்ட உண்மையைச் சொல்லிட்டு வாங்க, அப்புறம் உங்களுக்கு."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேடம் வந்தார். முடிவை மட்டும் மனைவி போனில் சொல்லியிருந்தாள்; உண்மையைக் கணவரே சொல்லட்டும் என்று விட்டிருந்தாள்.

"ஒண்ணுமே இல்லையாமே! எட்டு முட்டை போட்ட கேக்! உங்களுக்குப் பெரிய துண்டு!"

மீட்டர்காரர் துண்டைக் கையில் வாங்கினார். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குழாயை மூடினார். ஓடிக்கொண்டிருந்த மீட்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"மேடம், எனக்கு அலர்ஜியெல்லாம் எப்பவுமே கிடையாது. இந்தக் கேக்தான் நல்லா இல்லை. ஒரு வாரம்கூட நல்லா இருந்ததில்லை. உங்க மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொன்னேன். மன்னிச்சுக்குங்க."

ஸ்டோர்க்காரர் கூரையைப் பார்த்தார். யாரோ இருமினார்கள்.

"நிஜமாவே நல்லா இல்லையா?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"இல்லை மேடம்."

"எல்லாருக்குமா?"

அலுவலகமே தலையாட்டியது.

மேடம் டப்பாவை மூடினார். "எழுதிக் கொடுங்க. எல்லாரும் கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்தாகாத பதவிக் காகிதம் மீட்டர்காரரின் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் எழுதினார்: 'இந்தக் கேக்கைச் சாப்பிட முடியவில்லை.' கீழே பதினான்கு கையெழுத்து. மேடம் அதை இரண்டு தடவை படித்து, நாலாக மடித்துக் கைப்பையில் பத்திரமாக வைத்தார். தன் அறைக்குப் போய் இன்னொரு காகிதத்தோடு திரும்பினார்.

"இந்த ஆபீசுல தப்பைத் தப்புன்னு சொல்ல ஒருத்தராவது இருக்கீங்களே. நீங்கதான் இனிமே தலைமை மெக்கானிக். கேக் இனிமே வராது."

மற்ற பதின்மூன்று பேரும் கை தட்டிய சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. ஸ்டோர்க்காரர் அவரைத் தூக்கியே விட்டார். எவ்வளவு பெரிய மனசு, எவ்வளவு பெருந்தன்மை என்று மேடத்தை நினைத்து உருகிக்கொண்டே மீட்டர்காரர் மாலையில் வெளியே வந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது, வீட்டில் ஆம்லெட் காத்திருந்தது.

வாசலில் மேடத்தைக் கூட்டிப் போக ஸ்கூட்டரில் அவர் கணவர் வந்திருந்தார். விரல் நகங்களில் மாவு ஒட்டியிருந்தது. மீட்டர்காரரைப் பார்த்ததும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே அந்த அலர்ஜிக்காரர்? ரத்தத்துல ஒண்ணுமில்லைன்னு கேட்டதும் எனக்கு உயிரே வந்துச்சுங்க! என் வீட்டுக்காரிதான் பாவம், கல்யாணமான நாள்லேருந்து நான் வாராவாரம் சுடுற கேக் எதுவுமே அவளுக்கு ஒத்துக்கறதில்லை. டெஸ்ட் பண்ணிக்கலாம் வான்னு கூப்பிட்டா மட்டும் ஊசிக்குப் பயம்கறா!"