ஆட்டோவில் பொங்கிய மாவு

காதலிக்கும்போது கொஞ்சமாவது பொய் சொல்லாத ஆண் இருந்தால் சொல்லுங்கள், காலில் விழுகிறேன். நானும் சொன்னேன். "எனக்கு பேக்கிங் நல்லா வரும்" என்று ஆபீஸில் ரேவதியிடம் அளந்துவிட்டேன். அதுவரை நான் செய்திருந்தது ஒரே ஒரு வாழைப்பழ கேக். (அதைக் குக்கரிலிருந்து பெயர்த்தெடுக்க ஸ்க்ரூடிரைவர் தேவைப்பட்டது.)

அவள் நம்பிவிட்டாள். வீட்டில் எங்கள் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, "சவர்டோ ரொட்டி எல்லாம் அவரே செய்வாருப்பா" என்றிருக்கிறாள். "அப்படியா? ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. நம்ம ஓவன்லயே செஞ்சு காட்டட்டும்" என்று சொல்லிவிட்டார் அவள் அப்பா.

சவர்டோவுக்கு ஈஸ்ட் போடக் கூடாது. மாவு தானாகவே புளிக்க வேண்டும். என் மாவு பத்து நாளாகியும் அசையவில்லை. ஞாயிறு காலை பயத்தில் நாலு ஸ்பூன் ஈஸ்ட்டைக் கொட்டிப் பிசைந்து, எவர்சில்வர் டப்பாவில் அமுக்கி மூடி, பொம்மனஹள்ளியில் ஆட்டோ ஏறினேன். முக்கால் மணி நேரத்தில் மர்பி டவுனில் ரேவதி வீடு என்பது என் கணக்கு. பெங்களூரு டிராஃபிக்கின் கணக்கு வேறு. வெயில் கொளுத்தியது. ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு சிக்னலில் 'டப்'பென்று மூடி பறந்துபோய் டிரைவரின் முதுகில் அடித்தது.

திரும்பிப் பார்த்தவர் மிரண்டுவிட்டார். "ஏன் சார், இதுக்கு உயிர் இருக்கா?"

உள்ளே தள்ளினேன். அது என் முழங்கை வரை ஏறியது. மிச்சம் மடியில் இறங்கியது.

ரேவதி வீட்டுக் கதவைத் திறந்தவர் அவள் அப்பா. காலிலிருந்து தலை வரை நிதானமாகப் பார்த்தார். நான் பயபக்தியோடு கைகூப்பி வணக்கம் சொன்னேன். கூப்பிய கைகள் பிரியவில்லை.

"உள்ள வாங்க தம்பி. சோபால மட்டும் உட்காராதீங்க."

குளித்துவிட்டு, அவருடைய கட்டம் போட்ட லுங்கியில் வந்து நின்றேன். அந்தக் கோலத்தில் இனி எதை மறைப்பது? "அங்கிள், எனக்கு பேக்கிங் தெரியாது. பொய் சொல்லிட்டேன்." ரேவதி என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணம் நின்றே போயிருந்தது.

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "சமைக்கத் தெரியும்னு இவ உங்ககிட்ட சொன்னாளா?"

"சொன்னா அங்கிள்."

"அப்பா!" என்று ரேவதி கத்தினாள். அவர் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார்.

அதற்குள் அவள் அம்மா டப்பாவில் தங்கியிருந்த மாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். "நல்லாத்தானே பொங்கியிருக்கு, எதுக்கு வீணாக்கணும்?" என்று வாழைப்பழத்தை மசித்துப் பிசைந்து, பூரி போலத் தட்டி எண்ணெயில் போட்டார். மங்களூர் பன்ஸ்! நான் வெட்கமில்லாமல் ஐந்து தின்றேன். ஆறாவதை ரேவதியே தட்டில் வைத்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஆறு மாதத்தில் கல்யாணம். இப்போது நிஜமாகவே பேக் செய்கிறேன். ரொட்டியும் ஒழுங்காக எழும்புகிறது. என்ன பிரயோஜனம்? யார் வீட்டுக்கு வந்தாலும் மாமனார் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்: "எங்க மாப்பிள்ளை முதல் தடவை நம்ம வீட்டுக்கு வரும்போது பேண்ட், போகும்போது லுங்கி."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். "மாமா, மிச்சத்தையும் சொல்லிடுங்க" என்று நான் கெஞ்சிய பிறகுதான் மாவு கதைக்குள்ளேயே வரும்.